கறுப்பு பீருக்கு எத்தனை மார்க்?

நிறத்துக்கு 3, நாக்குக்கு 20!

கன்னங்கரேல் என்ற நிறம். மேலே இளம் பழுப்பில் கெட்டியான நுரை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தம்ளரின் மறுபக்கம் தெரியாது.

இதுதான் "ஸ்டவுட்" என்னும் கறுப்பு பீர்.

பெங்களூருவில் பீர் என்றால் மஞ்சள் நிறம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இப்போது கறுப்பு பீரும் வந்துவிட்டது. அதை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

"இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே! ஒரு கிளாஸ் குடித்தாலே ஆளைச் சாய்த்துவிடும்" என்கிறார் ஒருவர்.

"அப்படி இல்லை. இது உடம்புக்கு நல்லது. ரத்தம் ஊறும்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு!

உலகத்தில் பீரை ருசி பார்த்து மார்க் போடுவதற்கென்றே பயிற்சி பெற்ற நடுவர்கள் இருக்கிறார்கள். பரீட்சை எழுதித் தேறியவர்கள். கறுப்பு பீரை அவர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், இந்த இரண்டு பேச்சும் ஏன் தவறு என்பது புரிந்துவிடும்.

மூட்டை தூக்கியவர்கள் குடித்தது

கறுப்பு பீரின் கதை லண்டனில் தொடங்குகிறது.

1700-களின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களிலும் தேம்ஸ் நதிக் கரையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சுமை தூக்கிப் பிழைத்தார்கள். கப்பலில் இருந்து மூட்டை இறக்குவது, கடைகளுக்குத் தூக்கிச் செல்வது என்று பகலெல்லாம் வேலை. சுமை தூக்குபவருக்கு ஆங்கிலத்தில் "போர்ட்டர்" என்று பெயர். ரெயில் நிலையத்தில் நாம் கேட்கும் அதே சொல்தான். அவர்கள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பீருக்கும் "போர்ட்டர்" என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தப் போர்ட்டரில் சாதாரணம் உண்டு. அதைவிடக் காட்டமானதும் உண்டு. காட்டமானதை "ஸ்டவுட் போர்ட்டர்" என்றார்கள். "ஸ்டவுட்" என்றால் அன்றைக்குத் திடமானது, பலமானது என்று பொருள். நாளடைவில் "போர்ட்டர்" உதிர்ந்தது. "ஸ்டவுட்" மட்டும் நின்றது.

இங்கேதான் குழப்பம் தொடங்கியது. பலத்தைக் குறித்த சொல், பிற்காலத்தில் நிறத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. பலம் குறைந்த கறுப்பு பீருக்கும் "ஸ்டவுட்" என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் பழையது, சரக்கு வேறு!

பெங்களூரு பீர் கதை

இந்தியாவுக்குக் கறுப்பு பீர் புதிதல்ல. கிழக்கிந்திய கம்பெனி காலத்திலேயே இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக லண்டனிலிருந்து போர்ட்டர் பீப்பாய்கள் கப்பலில் வந்தன.

பெங்களூரு கண்டோன்மெண்ட் 1809-ல் அமைந்தது. பட்டாளம் வந்த இடத்துக்குப் பட்டாளத்தை நம்பிப் பிழைப்பவர்களும் வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் தமிழ் ஒலிப்பதற்குத் தொடக்கம் அதுதான்.

சிப்பாய்களின் தாகத்துக்குக் கப்பல் சரக்கு போதவில்லை. தென்னிந்தியாவிலேயே பீர் ஆலைகள் முளைத்தன. அவற்றில் 5 ஆலைகளை ஒன்று சேர்த்து, தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் "யுனைடெட் புரூவரீஸ்" கம்பெனியைத் தொடங்கினார். 1947-ல் அதன் முதல் இந்திய டைரக்டர் ஆனவர் விட்டல் மல்லையா. நகரின் நடுவில் ஒரு ரோடு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே விட்டல் மல்லையா ரோட்டில் 2011-ல் "தி பியர் கிளப்" திறக்கப்பட்டது. வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே பீர் காய்ச்சித் தரும் சிறு ஆலை. "மைக்ரோ புரூவரி" என்கிறார்களே, அதுதான். பிறகு இந்திராநகர், கோரமங்களா, வைட்பீல்டு என்று இவை பரவின. கறுப்பு ஸ்டவுட்டும் பெங்களூருவாசிகளின் மேஜைக்கு வந்தது.

சிக்கரி செய்யும் வேலை

பீருக்கு மூலப் பொருள்கள் நான்கு. தண்ணீர், முளைகட்டிய பார்லி, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நுரைக்கப் பண்ணும் ஈஸ்ட்.

பார்லியை ஊற வைத்து, முளை விட்டதும் சூட்டில் உலர்த்துகிறார்கள். இதற்கு "மால்ட்" என்று பெயர். வெந்நீரில் ஊறும்போது மால்ட்டில் உள்ள மாவு சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. போதையின் மூலம் இந்தச் சர்க்கரைதான்.

சரி, கறுப்பு எங்கிருந்து வருகிறது?

காப்பிக் கொட்டையைப் போலக் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. 1817-ல் டேனியல் வீலர் என்ற இங்கிலாந்துக்காரர், சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கரும்பழுப்பாக இருந்த பீர், அதற்குப் பிறகுதான் கன்னங்கரேல் என்று ஆனது.

ஆனால் கருக வறுத்த தானியம் ஒரு கொதிகலனுக்குக் கொஞ்சமே போதும். போட்டிருக்கும் தானியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பீர் முழுவதும் கறுத்துவிடும். மீதி எல்லாம் மஞ்சள் பீருக்குப் போடும் அதே வெளிர் மால்ட்தான். ஆல்கஹாலில் பெரும் பகுதியும் அதிலிருந்துதான் வருகிறது.

பெங்களூருவில் காப்பித் தூள் அரைத்து வாங்குபவர்களுக்கு இது எளிதில் புரியும். தூளில் சிக்கரியைக் கூட்டினால் டிகாஷன் கறுக்கும், கெட்டியாகவும் தெரியும். ஆனால் சிக்கரியில் காபின் கிடையாது. டிகாஷன் கறுத்ததால் காப்பியின் வேகம் கூடிவிடுவதில்லை. பீரில் கருகிய பார்லி செய்வதும் ஏறக்குறைய அந்தச் சிக்கரி வேலைதான்!

50-க்கு எத்தனை?

பீர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் 1985-ல் தொடங்கியது. அதன் மார்க் தாள் இன்று பல நாட்டுப் போட்டிகளில் புழங்குகிறது. மொத்தம் 50 மார்க். அது இப்படிப் பிரிகிறது:

மணத்துக்கு 12. தோற்றத்துக்கு 3. சுவைக்கு 20. வாயில் உணரும் கனத்துக்கும் வழவழப்புக்கும் 5. மொத்த அபிப்பிராயத்துக்கு 10.

தோற்றத்துக்கு வெறும் 3 மார்க்! நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். பார்த்தவரை அசத்தும் கறுப்பு நிறத்துக்கு நடுவர் தருவது 50-ல் 3-க்குள் ஒரு பங்கு.

38 மார்க்குக்கு மேல் வாங்கினால் மிகச் சிறந்தது. 45-ஐத் தாண்டினால் அபூர்வம். 13-க்குக் கீழே போனால் பீரில் பெரிய கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

மூக்குதான் முதல் நீதிபதி

தீர்ப்புச் சொல்லும் மேஜைக்கு வரும் பீரில் கம்பெனி பெயர் இருக்காது. எண் மட்டும் இருக்கும். "இது இன்ன வகை ஸ்டவுட்" என்று மட்டும் நடுவருக்குச் சொல்வார்கள்.

நடுவர் வாசனைத் திரவியம் பூசி வரக்கூடாது. சற்று முன்பு காரமாகச் சாப்பிட்டிருக்கக்கூடாது, புகை பிடித்திருக்கக்கூடாது. பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் இருக்கும். ஒவ்வொரு பீருக்கும் நடுவில் நாக்கைக் கழுவிக்கொள்ளத்தான்.

தம்ளர் நிறைய ஊற்ற மாட்டார்கள். சில வாய் அளவுதான். ஐஸ் போலக் குளிர வைக்கவும் மாட்டார்கள். அதிகம் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும், மணமும் எழும்பாது.

ஊற்றியவுடன் முதலில் முகர்கிறார். மணம் சீக்கிரம் பறந்துவிடும் அல்லவா? வறுத்த காப்பிக் கொட்டை, கசப்புச் சாக்லெட், கருகிய ரொட்டி ஓரம் - இவை நல்ல ஸ்டவுட்டின் அடையாளங்கள்.

அடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். நுரை நிற்கிறதா, உடனே சரிந்துவிடுகிறதா என்று கவனிக்கிறார்.

பிறகுதான் ஒரு வாய். அதை வாய் முழுவதும் பரவ விடுகிறார். முதலில் என்ன தெரிகிறது, நடுவில் என்ன, விழுங்கிய பின் தொண்டையில் என்ன நிற்கிறது என்று எழுதுகிறார். ஒயின் ருசிப்பவர்கள் துப்பிவிடுவது வழக்கம். பீர் நடுவர்கள் கொஞ்சம் விழுங்குகிறார்கள். கசப்பு எப்படி முடிகிறது என்பது விழுங்கிய பிறகுதான் தெளிவாகும்.

அதுவரை பக்கத்து நடுவருடன் பேசக்கூடாது! தனித்தனியாக மார்க் போட்ட பிறகே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வித்தியாசம் அதிகமானால் மறுபடி ருசித்துப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பலம் குறைந்த பீர் முதலில், காட்டமானது கடைசியில் என்ற வரிசையும் உண்டு.

குற்றம் கண்டுபிடிக்கும் நாக்கு

நல்ல நடுவருக்குக் குற்றங்களின் வாசனை அத்துப்படி.

உருக்கிய வெண்ணெய் வாசனை வந்தால், ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டிருக்கலாம். பச்சை ஆப்பிள் வாசனையும் பெரும்பாலும் அதே அவசரத்தைத்தான் காட்டும். வேக வைத்த சோள வாசனை வந்தால் காய்ச்சியதில் குறை. நனைந்த அட்டைப் பெட்டி போல நாறினால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. காடி போலப் புளித்தால் சுத்தம் போதாது.

ஸ்டவுட்டுக்கே உரிய குற்றங்களும் உண்டு. நாக்கில் சாம்பலைக் கொட்டியது போல இருக்கக்கூடாது. அதிகம் கொதித்த டீயைப் போலத் துவர்க்கக்கூடாது. வறுத்த மணம் வேண்டும். தீய்ந்த நெடி கூடாது. ரவை வறுக்கும் இல்லத்தரசிக்கு இந்த எல்லை நன்றாகவே தெரியும்.

இன்னொரு விஷயம். எந்த வகைக்கு எந்த ருசி என்று தெரியாமல் மார்க் போட முடியாது. பெங்களூரு ஓட்டல் சாம்பாரில் வெல்லம் இனிக்கும். புதிதாக வந்த தமிழர் "என்ன சாம்பார் இது?" என்று முகம் சுளிப்பார். இங்கேயே பிறந்தவருக்கு வெல்லம் இல்லாவிட்டால்தான் குறை. ஸ்டவுட்டும் அப்படியே. அயர்லாந்து ஸ்டவுட் இனித்தால் மார்க் குறையும். வெப்ப நாட்டு ஸ்டவுட் இனிக்காவிட்டால் மார்க் குறையும்.

நுவரெலியாவின் கறுப்பு சிங்கம்

அந்த வெப்ப நாட்டு வகைக்கு நடுவர்களின் கையேடு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயர்களில் ஒன்று தமிழர்களுக்குப் பக்கத்து வீடு. இலங்கையின் "லயன் ஸ்டவுட்"!

கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர் நுவரெலியா. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் மலை. அங்கே 1800-களில் தொடங்கிய பீர் ஆலையில் பிறந்தது லயன் ஸ்டவுட். பிற்காலத்தில் உற்பத்தி கொழும்புக்கு அருகே பியகமவுக்கு மாறியது.

மைக்கேல் ஜாக்சன் என்பவர் இதைப் பாராட்டி எழுதியதால் உலகம் திரும்பிப் பார்த்தது. பாட்டுப் பாடி ஆடிய மைக்கேல் ஜாக்சன் அல்ல! இவர் பீரைப் பற்றியே எழுதிப் புகழ் பெற்ற இங்கிலாந்துக்காரர். 2007-ல் காலமானார்.

கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, காப்பி ஆகியவற்றைக் கலந்தது போன்ற ருசி இந்த வகைக்கு உண்டு. லயன் ஸ்டவுட்டின் ஆல்கஹால் 8.8 சதவீதம். இது உண்மையிலேயே காட்டமான கறுப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆனால் எல்லாக் கறுப்பும் இப்படி இல்லை. உலகப் புகழ் பெற்ற அயர்லாந்தின் "கின்னஸ் டிராட்" ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். இன்னொரு பக்கம், ரஷிய அரண்மனைக்கு லண்டனிலிருந்து போன "இம்பீரியல் ஸ்டவுட்" வகையில் 8 முதல் 12 சதவீதம் வரை உண்டு. மூன்றும் கறுப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது!

நம் ஊர் "ஸ்டிராங்" பீர் மஞ்சள் நிறம். இந்திய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருந்தால் அது ஸ்டிராங்.

கணக்கு இதுதான். 8 சதவீத மஞ்சள் பீர் 650 மில்லி பாட்டிலில் உள்ள ஆல்கஹால் 52 மில்லி. 4.2 சதவீதக் கறுப்பு பீர் 568 மில்லி பெரிய கிளாசில் உள்ளது 24 மில்லி. மஞ்சளில் இருப்பது கறுப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

கறுப்பைக் கண்டு பயந்தவர், "எனக்குச் சாதாரண மஞ்சள் போதும்" என்று சொல்லி இரண்டு மடங்கு குடித்துவிட்டுப் போகிறார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார். ஏமாற்றியது நிறம், பலி ஆவது அவர்.

மூன்று தம்ளர் சோதனை

"எனக்கு ருசி தெரியும்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். உண்மையில் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1940-களில் டென்மார்க் நாட்டின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் இதைப் பயன்படுத்தினார்கள்.

மூன்று தம்ளர் வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டுப் போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். எனவே பல தடவை சரியாகச் சொன்னால்தான் நாக்கு தேறியது.

இதற்கு பீர் தேவையில்லை. வீட்டிலேயே காப்பியில் செய்து பார்க்கலாம். இரண்டு தம்ளரில் சிக்கரி கலந்த காப்பி, ஒன்றில் கலக்காதது. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். கண்ணை மூடியதும் பல கெட்டிக்கார நாக்குகள் தடுமாறும்!

ரத்தம் ஊறுமா?

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். கறுப்பு பீர் குடித்தால் ரத்தம் ஊறும், பலம் வரும் என்ற நம்பிக்கை எப்படி வந்தது?

விளம்பரத்தால் வந்தது. 1759-ல் டப்ளினில் தொடங்கிய கின்னஸ் கம்பெனி, தன் பீர் உடம்புக்கு நல்லது என்று 1929-ல் விளம்பரம் செய்தது. (கின்னஸ் சாதனைப் புத்தகத்தை 1955-ல் தொடங்கியதும் இதே கம்பெனிதான்.) அயர்லாந்தில் ஒரு காலத்தில் ரத்த தானம் செய்தவர்களுக்கு ஒரு கிளாஸ் கின்னஸ் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் "பால் ஸ்டவுட்" என்று ஒன்று வந்தது. அதில் பால் கிடையாது; பாலிலிருந்து எடுத்த ஒரு வகைச் சர்க்கரைதான் உண்டு. பாலூட்டும் தாய்மார்களுக்கு நல்லது என்று சொல்லி விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு "பால்" என்ற சொல்லை நீக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் "சாண்டோ" என்ற பெயரிலேயே ஒரு ஸ்டவுட் விற்றது. உலகப் பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயர் அது. தமிழ்நாட்டிலும் உடற்பயிற்சி வீரர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட பட்டம். சினிமாத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை யாருக்குத் தெரியாது? பயில்வான் பெயரை ஒட்டினால் பாட்டிலுக்கும் பலம் வந்துவிடும் என்று நினைத்தார்கள்! மலேசியாவில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஸ்டவுட் கொடுக்கும் பழக்கமும் இருந்தது.

ஆராய்ந்து பார்த்தால் கிடைப்பது என்ன? ஒரு பெரிய கிளாஸ் கின்னசில் உள்ள இரும்புச் சத்து சுமார் 0.3 மில்லிகிராம். ஒரு கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 27 மில்லிகிராம். அதாவது 90 கிளாஸ் குடிக்க வேண்டும்!

கர்நாடக மண்ணின் ராகியில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு உண்டு. அதுவும் அடர் நிறம்தான். காலையில் ஒரு ராகிக் களி உருண்டை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும் தொழிலாளியின் உடம்பில் சேரும் இரும்பை, எந்த ஸ்டவுட்டும் தர முடியாது.

எந்த நிற மதுவும் கர்ப்பிணிக்குக் கூடாது. வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களின் பட்டியலில் 1988-லேயே சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு மருமகளுக்குக் கறுப்பு பீர் வாங்கி வரும் மாமியார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

மார்க் போடுவதற்குத் தேர்ந்த நடுவருக்குச் சில வாய் போதும். குடிக்காதவருக்கோ தம்ளரே தேவையில்லை. குடிப்பவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: கறுப்பா மஞ்சளா என்று பார்க்க வேண்டாம். பாட்டிலைத் திருப்பினால் மூலையில் ஒரு சின்ன எண் அச்சிட்டிருக்கும். அத்தனை சதவீதம் என்று அது சொல்லும்.

பலம் இருப்பது அந்த எண்ணில்தான். நிறத்துக்கு 3 மார்க்தான்!